சின்ன யுனிவர்சிட்டில சேரலாமா? சேர்றதுக்கு முன்னாடி எதெல்லாம் தோண்டிப் பாக்கணும்

மொத்தமே ரெண்டாயிரம் பேர் கூட இல்லாத யுனிவர்சிட்டில சீட் கிடைச்சிருக்குன்னு சொன்னா ரெண்டே ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு "பேரே கேள்விப்பட்டதில்லையேப்பா", இன்னொண்ணு "சின்ன இடம்னா நல்லா கவனிச்சுப்பாங்க". ரெண்டுமே விசாரிக்காம வாய்க்கு வந்தத சொல்றதுதான். அமெரிக்காவுல சயின்ஸுக்குப் பேர் போன கால்டெக் யுனிவர்சிட்டில யூஜி படிக்கிறவங்க சுமாரா ஆயிரம் பேர்தான், அத யாரும் சின்ன காலேஜ்னு ஒதுக்குறதில்ல. அதே ஆயிரம் பேரோட, உங்க மேஜர்ல, அதாவது மெயின் சப்ஜெக்ட்ல, ஒரு எலெக்டிவ் கூட ஒழுங்கா ஓடாத இடமும் இருக்கு. அதனால சைஸ விட்டுட்டு உள்ள என்ன ஓடுதுன்னு பாருங்க.

முதல்ல கோர்ஸ். ப்ராஸ்பெக்டஸ்ல நாப்பது எலெக்டிவ் போட்டிருப்பாங்க, படிக்கவே ஆசையா இருக்கும், ஆனா அது மெனு கார்டு மாதிரி, போட்டிருக்கிறது எல்லாம் இன்னைக்கு கிடைக்கும்னு அர்த்தம் இல்ல. நீங்க கேட்டு வாங்க வேண்டியது கடைசி நாலு செமஸ்டரோட டைம்டேபிள். நிறைய இடத்துல வெப்சைட்லயே கிடைக்கும், இல்லன்னா டிபார்ட்மெண்ட் ஆஃபீஸுக்கு ஒரு மெயில் போட்டா அனுப்புவாங்க (அனுப்பலன்னா அதுவும் ஒரு தகவல்தான்). அத ப்ராஸ்பெக்டஸ் பக்கத்துல வச்சு எது நிஜமா ஓடுச்சுன்னு ஒவ்வொண்ணா டிக் அடிங்க, நாப்பதுல பதினஞ்சு தேறுனா அந்தப் பதினஞ்சுதான் உங்க கோர்ஸ், மிச்சம் எல்லாம் பேப்பர்ல மட்டும் இருக்கு.

இதுல ரொம்ப பேர் மாட்டிக்கிற ஒரு இடம் இருக்கு. சின்ன டிபார்ட்மெண்ட்ல சில கம்பல்சரி பேப்பரே ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் ஓடும், ஏன்னா அத எடுக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான் இருப்பார். அவரு லீவுல போனாலோ வேற இடத்துக்கு மாறிட்டாலோ நீங்க ஃபைனல் இயர்ல அந்த ஒரே ஒரு பேப்பருக்காக காத்துக்கிட்டு நிப்பீங்க. அதனால "இந்த பேப்பர் எல்லா வருஷமும் ஓடுமா, எடுக்கிறது யாரு, அவர் இல்லன்னா யாரு" அப்படின்னு நேராவே கேளுங்க. இதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல, பணம் கட்டப் போறது நீங்க.

டீச்சர் ஸ்டூடண்ட் ரேஷியோன்னு ஒரு நம்பர் பெருசா போடுவாங்க. 10க்கு 1ன்னா க்ளாஸ்ல பத்து பேர்தான் இருப்பாங்கன்னு நினைச்சுக்காதீங்க, அது மொத்த ஸ்டூடண்ட்ஸ மொத்த டீச்சர்ஸால வகுத்தது, அவ்ளோதான். ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ் க்ளாஸ்ல எத்தனை பேர், தேர்ட் இயர் லேப்ல எத்தனை பேர்னு தனித்தனியா கேளுங்க.

இன்னொண்ணு, நல்ல சின்ன இடங்களுக்குப் பொதுவா ஒரு பிடிவாதம் இருக்கும். அமெரிக்காவுல கொலராடோ காலேஜ்ல 1970லருந்து ஒரு நேரத்துல ஒரே ஒரு கோர்ஸ்தான், மூணரை வாரம் அதையே படிச்சு முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போவாங்க. அங்கயே செயிண்ட் ஜான்ஸ் காலேஜ்ல 1937லருந்து மேஜர்ங்கிற பேச்சே கிடையாது, எல்லாரும் ஒரே புத்தக லிஸ்ட்டதான் படிக்கணும். இதெல்லாம் எல்லாருக்கும் ஒத்து வராது, ஆனா அவங்களுக்கு என்ன செய்ய வரும்னு அவங்களுக்குத் தெரியும். தொள்ளாயிரம் பேர வச்சுக்கிட்டு அறுபது டிகிரி தர்றேன்னு சொல்ற இடத்தப் பாத்தாதான் எனக்கு சந்தேகம் வரும்.

சரி, சின்ன இடத்துல உண்மையான லாபம் எது? காலப்ங்கிற சர்வே கம்பெனியும் பர்டியூ யுனிவர்சிட்டியும் சேர்ந்து 2014ல அமெரிக்காவுல முப்பதாயிரத்துக்கு மேல கிராஜுவேட்ஸ்கிட்ட ஒரு சர்வே எடுத்தாங்க. படிப்புல ஆர்வத்த உண்டாக்குன ஒரு ப்ரொஃபசர், நம்மள ஒரு மனுஷனா மதிச்சு அக்கறை காட்டுனவங்க, கனவத் துரத்துன்னு தட்டிக் கொடுத்த ஒரு மென்டர், இந்த மூணும் கிடைச்சவங்க பின்னாடி வேலைல ஈடுபாட்டோட இருக்கிற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேலன்னு வந்துச்சு. ஆனா மூணுமே கிடைச்சுதுன்னு உறுதியா சொன்னவங்க 14 சதவீதம்தான். சின்ன இடத்துல இது கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனா தானா கிடைச்சிடாது. செக் பண்ற வழி சிம்பிள், தேர்ட் இயர் படிக்கிற ஒருத்தர்கிட்ட "இன்னைக்கே ரெக்கமண்டேஷன் லெட்டர் வேணும்னா யார்கிட்ட போவ?" அப்படின்னு கேளுங்க. டக்குனு ரெண்டு பேரு வந்தா நல்ல இடம், யோசிச்சுக்கிட்டே நின்னா நீங்களும் யோசிங்க.

ஸ்டூடண்ட் லைஃப் பத்தி கேம்பஸ் டூர் கூட்டிட்டுப் போற பசங்கள கேக்காதீங்க, பாவம் அவங்களுக்கு சொல்லிக் கொடுத்ததத்தான் சொல்லுவாங்க. முடிஞ்சா சனிக்கிழமை சாயங்காலம் போங்க. பாதி பேர் வீட்டுக்குக் கிளம்பிப் போய் கேம்பஸ் காலியா கிடந்தா, ஹாஸ்டல்ல தங்கப் போற உங்களுக்கு ஒவ்வொரு வீக்கெண்டும் அப்படித்தான். க்ளப் லிஸ்ட்ட நம்பாதீங்க, ஒவ்வொரு க்ளப்போட இன்ஸ்டாகிராம் பேஜையும் திறந்து கடைசி போஸ்ட் தேதிய பாருங்க, ஏன்னா சின்ன இடத்துல ஒரு க்ளப்ப தூக்கி நிறுத்துறதே ரெண்டு மூணு சீனியர்ஸ்தான், அவங்க பாஸ் அவுட் ஆனதும் க்ளப்பும் படுத்துடும். அதே காரணத்துனாலதான் பெரிய இடத்துல நாலு வருஷம் வரிசைல நின்னாலும் கிடைக்காத பொறுப்பு இங்க ரெண்டாவது செமஸ்டர்லயே கைக்கு வரும். இதோட உச்சம் பாக்கணும்னா கலிஃபோர்னியா பாலைவனத்துல இருக்கிற டீப் ஸ்பிரிங்ஸ் காலேஜ், 1917ல ஆரம்பிச்சது, மொத்தமே முப்பது பேருக்குள்ளதான், மாடு மேய்க்கிறதுலருந்து அடுத்த பேட்ச்ச செலக்ட் பண்றது வரைக்கும் பசங்க கைலதான்.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ரூம்மேட்டோட சண்டை போட்டாலோ யாரோடயாவது பிரேக்கப் ஆனாலோ காலைல மெஸ்ல மறுபடி அதே முகம்தான். தனியா இருக்கப் பிடிக்கிறவங்க இத லேசா எடுத்துக்காதீங்க. கவுன்சிலர் எத்தனை பேர், அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்க எவ்ளோ நாள் ஆகும்னும் கேட்டு வச்சுக்கோங்க.

அடுத்தது ஆலம்னி, அதாவது அங்க படிச்சு முடிச்சவங்க, கதைங்க. முகப்புல போடுற அஞ்சு பேர் கதை எப்பவும் சூப்பராத்தான் இருக்கும். ஆப்பிள் கம்பெனிய ஆரம்பிச்ச ஸ்டீவ் ஜாப்ஸ் 1972ல ரீட்ங்கிற சின்ன அமெரிக்க காலேஜ்ல சேர்ந்து ஒரே செமஸ்டர்ல ட்ராப் அவுட் ஆனவர், அப்புறமும் அங்கயே சுத்திக்கிட்டு கேலிகிராஃபி க்ளாஸ்ல உக்காந்தத 2005ல ஸ்டான்ஃபோர்ட் பட்டமளிப்பு விழாவுல அவரே சொன்னாரு. நல்ல கதைதான், ஆனா ரீட்ல கெமிஸ்ட்ரி படிச்சா உங்களுக்கு என்ன ஆகும்னு அதுலருந்து ஒண்ணும் தெரியாது. நீங்க தேட வேண்டியது உங்க மேஜர்ல படிச்சு முடிச்சு அஞ்சாறு வருஷம் ஆன சாதாரண ஆளுங்கள. லிங்க்ட்இன்ல யுனிவர்சிட்டி பேஜ்ல ஆலம்னின்னு ஒரு டேப் இருக்கும், என்ன படிச்சாங்க, இப்ப எங்க வேலை பாக்குறாங்கன்னு ஃபில்டர் பண்ணலாம். மெசேஜ் இப்படி இருந்தா போதும்: "வணக்கம், நீங்க படிச்ச அதே டிபார்ட்மெண்ட்ல எனக்கு சீட் கிடைச்சிருக்கு. முதல் வேலை எப்படி கிடைச்சுதுன்னும், அங்க படிக்க ஆசைப்பட்டு கிடைக்காமப் போன பேப்பர் எதுன்னும் சொல்ல முடியுமா?" இந்த ரெண்டு கேள்வி போதும், சின்ன இடத்துல படிச்சவங்க பொதுவா பதில் போடுவாங்க. "காலேஜ் எப்படி இருக்கு"ன்னு கேட்டா "நல்லா இருக்கு"ன்னுதான் வரும்.

ப்ளேஸ்மெண்ட் 95 சதவீதம்னு போட்டிருந்தா எத்தனை பேர்ல 95ன்னு கேளுங்க. 200 பேர் முடிச்சதுல 80 பேர்தான் சர்வேக்கு பதில் சொல்லி, அதுல 76 பேருக்கு வேலைன்னா கணக்கு 95 வந்துடும், ஆனா மொத்த பேட்ச்சுல உறுதியா தெரிஞ்சது 38 சதவீதம்தான். பார்ட் டைம் வேலை, மேல்படிப்பு எல்லாத்தையும் அதுக்குள்ளயே சேத்துட்டாங்களான்னும் பாருங்க.

கடைசியா ஒண்ணு, நிறைய பேர் மறக்குறது, காலேஜ் நீங்க முடிக்கிற வரைக்கும் இருக்குமா? மாசசூசெட்ஸ்ல மவுண்ட் ஐடா காலேஜ் 2018 ஏப்ரல்ல மூடப் போறோம்னு அறிவிச்சு மே மாசத்தோட மூடிட்டாங்க, படிச்சுக்கிட்டிருந்த பசங்க அவசர அவசரமா வேற இடம் தேட வேண்டியதாப் போச்சு. வர்ஜீனியாவுல ஸ்வீட் பிரையர்ங்கிற பொண்ணுங்க காலேஜும் 2015 மார்ச்ல இதே மாதிரி அறிவிச்சது, ஆனா அங்க முன்னாடி படிச்சு முடிச்ச பொண்ணுங்க கோர்ட்டு, வசூல்னு இறங்கி 1.2 கோடி டாலர் தர்றோம்னு ஒத்துக்கிட்டு ஜூன்லயே மூடுறத நிறுத்திட்டாங்க. ஆலம்னி கதைன்னா எனக்கு இதுதான். நீங்க பாக்க வேண்டியது, அஞ்சு வருஷமா அட்மிஷன் ஏறுதா இறங்குதா, சமீபத்துல எந்த டிபார்ட்மெண்ட்ட மூடுனாங்க, அங்கீகாரம் எந்த வருஷம் வரைக்கும் இருக்கு. கூடவே இங்க எடுத்த கிரெடிட்ட எந்தெந்த யுனிவர்சிட்டில ஏத்துப்பாங்கன்னு அட்மிஷன் ஆஃபீஸ்ல எழுத்துல வாங்கிக்கோங்க, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடியே.