பொங்கல் விடுமுறைக்குப் பழைய அம்பாசிடரில் ஊட்டி: குளிர்காற்றை எங்கே, எப்படி அடைப்பது

சென்னையில் ஓடும்வரை பழைய வண்டிக்குக் குளிர் ஒரு கவலையே இல்லை. மார்கழி விடியற்காலையிலும் இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அதே அம்பாசிடரோ பத்மினியோ மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலை ஏறும்போதுதான் எங்கெல்லாம் ஓட்டை என்று தெரியவரும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாத அதிகாலையில் பள்ளத்துப் புல்வெளிகளில் உறைபனி படிந்துவிடும். அங்கே போய் அடைக்கப் பொருளும் கிடைக்காது, நேரமும் இருக்காது. எல்லாவற்றையும் சென்னையிலேயே, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

பெரும்பாலோர் கதவு பீடிங்கில், அதாவது கதவோர ரப்பரில், ஆரம்பிக்கிறார்கள். அது தவறான வரிசை. முதலில் சைலன்சர், அடுத்து எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு, பிறகு தரை, அப்புறம்தான் கதவு. காரணம் புகை. காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறும் வண்டியில் சைலன்சர் கசிவு உறைக்காது. கதவை மட்டும் இறுக்கிவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கும். அதற்கு மணம் கிடையாது. தலைவலியும் தூக்கக் கலக்கமும்தான் அறிகுறி, மலைப்பாதையில் இரண்டுமே ஆபத்து.

சைலன்சரும் டிக்கியும்

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஒருவர் தடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில நொடி மட்டும் பொத்தட்டும். மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ, குழாய் இணைப்பிலோ கசிவு இருந்தால் 'புஸ் புஸ்' என்ற சத்தம் காட்டிக்கொடுக்கும். அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். டிக்கி ரப்பரையும் இப்போதே மாற்றுங்கள். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகும். அந்தச் சுழலில் சிக்கும் புகை டிக்கி இடுக்கு வழியே பின்சீட்டுக்கு வரும்.

ஓட்டையைத் தேடுவது

இரவில் வண்டிக்குள் பிரகாசமான எல்.ஈ.டி. விளக்கை வைத்து, கதவுகளை மூடி, பானெட்டைத் திறந்து பாருங்கள். ஒளி கசியும் இடமெல்லாம் காற்றும் வரும் இடம். ஸ்டீயரிங் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள், வயர் கட்டு, ஹேண்ட்பிரேக் கேபிள் போகும் துளைகள்தான் வழக்கமான குற்றவாளிகள். அங்கே இருந்த குரோமெட், அதாவது துளையை அடைக்கும் ரப்பர் வளையம், வெயிலிலும் எண்ணெயிலும் பொடிந்து போயிருக்கும். சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் பல அளவுகளில் கிடைக்கும். பழையதைக் கொண்டுபோகாமல், தகட்டிலுள்ள துளையின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், பழைய ரப்பர் சுருங்கியிருக்கும். பயன்படாத திருகு ஓட்டைகளுக்கு எம்-சீல் போதும். வயர் போகும் துளையில் எம்-சீல் வைக்காதீர்கள். அது கல்லாக இறுகி, பின்னால் வயரை மாற்ற முடியாமல் செய்துவிடும்.

பெடல் தரையிலிருந்து முளைக்கும் வண்டிகளில் அந்தப் பிளவுதான் பெரிய ஓட்டை. சீட் கவர் தைப்பவரிடம் இரட்டை ரெக்சினில் ஒரு உறை தைக்கச் சொல்லி, மெல்லிய தகட்டுச் சட்டம் வைத்து நான்கு திருகால் பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு பெடலையும் இருபது முறை முழுதாக மிதித்து விடுங்கள். திரும்பி வருவதில் துளி தயக்கம் தெரிந்தாலும் உறையைத் தளர்த்த வேண்டும். ஆக்சிலரேட்டரில் இதை இரண்டு முறை சோதியுங்கள்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு வேலை அதிகம். வண்டலூரில் உருவான அந்த வண்டியின் உடலே தனித்தனித் துண்டுகளாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. ஒவ்வொரு இணைப்பும் ஒரு காற்று வழி. கியர் பாக்ஸ் மூடியின் விளிம்பைச் சுற்றிலும் பியூட்டைல் டேப் ஒட்டிப் பூட்டுங்கள். சிலிகான் வேண்டாம், அடுத்த கிளட்ச் வேலைக்கு மூடியைக் கழற்றும்போது மூடியே கிழியும்.

தரை

தரை விரிப்பைத் தூக்கினால் துரு தெரியும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, துரு மாற்றி (ரஸ்ட் கன்வெர்ட்டர்) பூசி, பிரைமரும் பெயிண்டும் அடித்து ஒரு நாள் முழுதும் காயவிடுங்கள். அதன் மேல் ஏ.சி. டக்ட் வேலைக்குப் பயன்படும் நைட்ரைல் ரப்பர் ஷீட், 6 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒட்டலாம். தேங்காய் நார் ஃபெல்ட்டும் சாதாரண ஸ்பாஞ்சும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் நனைந்தால் தை வரை காயாது, அடியில் தகடு தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும். இந்த ஷீட் கோடையிலும் வீண் போகாது: மே மாதத்தில் எஞ்சின் சூடு காலில் அடிப்பது நன்றாகவே குறையும்.

கதவு

புது பீடிங் வாங்கும் முன் டிங்கரிடம் கீலையும் கொண்டியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். தொங்கிய கதவுக்கு எந்த ரப்பரும் உதவாது.

அடுத்து இடைவெளியை அளக்க வேண்டும். சப்பாத்தி மாவைச் சிறு உருண்டைகளாக்கி பாலித்தீனில் சுற்றி, கதவுச் சட்டத்தில் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிக் கதவைச் சாத்துங்கள். திறந்து, நசுங்கிய மாவின் தடிமனை ஸ்கேலால் அளந்து சாக்பீஸால் அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள். மேல்மூலையில் 9, கீல் பக்கம் 4 என்று மாறி மாறி வரும், பழைய வண்டியில் அதுதான் இயல்பு. ரப்பர் அந்த இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும்: 6 மில்லிமீட்டருக்கு 9. தண்ணீர் ஊறாத ஈ.பி.டி.எம். ஸ்பாஞ்ச் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். கனம் கூடிவிட்டால் லாக் முதல் பல்லோடு நின்றுவிடும், கொண்டை ஊசி வளைவில் கதவு திறந்துகொள்ளும். கீல் பக்கம் கனத்தால் கீலே வளையும்.

பழைய கோந்தைத் தின்னரால் துடைத்து, ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் பத்துப் பதினைந்து நிமிடம், பொறுத்து அழுத்துங்கள். ரப்பரை இழுத்து ஒட்டினால் ஒரே வாரத்தில் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். முடித்தபின் ரப்பர் மேல் முகப்பவுடர் தூவிக் கதவைச் சாத்தித் திறந்தால், தகட்டில் வெள்ளைக்கோடு அறுபடாமல் பதிந்திருக்க வேண்டும். அறுபட்ட இடம் காற்று வரும் இடம்.

கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்றி உள்ளே பாலித்தீன் ஷீட் ஒட்டலாம். ஆனால் கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள், கதவு உள்ளிருந்தே அழுகும்.

எஞ்சின் பக்கம்

சூடாகக் கூடாது என்று, எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர் மெக்கானிக்குகளிடம் பழக்கம். அப்படிப்பட்ட வண்டியில் ஹீட்டர் பொருத்தினாலும் வெதுவெதுப்புத்தான் வரும், இறக்கத்தில் எஞ்சின் இன்னும் குளிர்ந்துபோகும். அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சினுக்கு 82 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்கள். அதோடும் சூடானால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், குறையை அங்கே தேடுங்கள். ரேடியேட்டரில் உள்ள போர்வெல் தண்ணீரை வடித்துக் கழுவி, மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். ஊட்டிக்குள் சுற்றும்போது ரேடியேட்டரின் பாதியை அட்டையால் மறைக்கலாம். மலை ஏறும்போது அட்டை கூடவே கூடாது.

லைட்டர் சாக்கெட்டில் செருகும் குட்டி ஹீட்டரை நம்பாதீர்கள். 150 வாட் என்றால் 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 20, 22 ஆம்பியர். ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன் போக மிச்சம் இல்லை. பேட்டரி இறங்கும், சாக்கெட் வயர் உருகும். அதற்கு மடியில் ஒரு நல்ல கம்பளி மேல்.

எல்லாம் அடைத்த பிறகு நான்கு பேர் மூச்சில் கண்ணாடி மூடிக்கொள்ளும். முன் கதவின் முக்கோணக் கண்ணாடியை, முகத்தில் அடிக்காதபடி, ஒரு விரல் அகலம் திறந்து வைத்தே ஓட்டுங்கள். கண்ணாடியின் உட்புறத்தை முந்தின இரவே பழைய செய்தித்தாளால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடையுங்கள், பிசுக்கு இருக்கும் கண்ணாடியில்தான் பனி பிடிவாதமாகப் படியும்.