ஃபோக்கெ-வுல்ஃப் 61 மாடல்: பழகிய கை செய்யும் தவறுகள்

ஃபோக்கெ-வுல்ஃப் 61 படத்தை முதல்முறை பார்ப்பவர் அதை விமானம் என்றுதான் நினைப்பார். ஸ்டீக்லிட்ஸ் என்ற பயிற்சி விமானத்தின் உடல், மூக்கில் ஒரு விசிறி. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் குழாய்ச் சட்டங்கள் பக்கத்துக்கு ஒன்றாக நீண்டு, அவற்றின் நுனியில் 7 மீட்டர் விட்டத்தில் சுற்றும் ரோட்டர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று அலகுகள், அதாவது சுழல் இறகுகள். ஹைன்ரிஷ் ஃபோக்கெ உருவாக்கிய இந்த ஜெர்மன் ஹெலிகாப்டர் 1936 ஜூன் 26 அன்று ஏவால்ட் ரோல்ஃப்ஸ் கையில் முதன்முதலாகப் பறந்தது. இதை ஆர்.சி. மாடலாக, அதாவது ரேடியோவால் இயக்கும் சிறு மாடலாகச் செய்பவர்களில் பலர் சாதாரண ஹெலிகாப்டரில் தேறியவர்கள். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

மூக்கு விசிறியிலேயே பலர் ஏமாறுவார்கள். முன்னால் இழுக்கத்தான் அது என்று நினைத்து, நல்ல மோட்டாரும் முழு அளவு விசிறியும் மாட்டிவிடுவார்கள். அசலில் இருந்த 160 குதிரைசக்தி எஞ்சின் காற்றால் குளிர்வது. ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நிற்கும்போது எஞ்சினுக்குக் காற்று வராது. அதற்காகத்தான் எஞ்சின் அகலத்துக்கு ஒட்ட வெட்டிய ஒரு குட்டி விசிறி. மாடலில் பெரிய விசிறி போட்டால், நிறுத்திப் பறக்கவிடும்போது அது முன்னால் நழுவிக்கொண்டே போகும். கண்ணுக்கு அழகாகச் சுற்றினால் போதும்.

அடுத்தது வால். இதில் வால் ரோட்டரே கிடையாது. இரு ரோட்டர்களும் எதிரெதிராகச் சுற்றி, ஒன்றின் முறுக்கை மற்றது ஈடுகட்டிவிடும். அப்படியானால் மூக்கைத் திருப்புவது எப்படி? வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது ரோட்டர் முன்னால் சாய வேண்டும், வலது ரோட்டர் பின்னால் சாய வேண்டும். வலப்பக்கம் உருள, இடது ரோட்டரின் தூக்குவிசை கூட வேண்டும். முன்னே போக இரண்டும் சேர்ந்து முன்னால் சாய வேண்டும். ஒற்றை ரோட்டருக்கான ஜைரோவை (மூக்கு தானாகத் திரும்பாமல் பிடிக்கும் கருவி) வாங்கி மாட்டிவிட்டு, ‘ரட்டர் (மூக்கைத் திருப்பும் கட்டளை) வேலை செய்யவில்லையே’ என்று தலையைச் சொறிவதில் பயனில்லை. பறப்பைக் கட்டுப்படுத்தும் ஆர்டுபைலட் மென்பொருளில் இரட்டை ரோட்டர் ஹெலிகாப்டருக்கென்றே ஒரு வகை உண்டு. அதில் ரோட்டர்கள் முன்பின்னாக இருக்கின்றனவா, பக்கவாட்டில் இருக்கின்றனவா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நமக்குப் பக்கவாட்டு. முன்பின் வகையை விட்டுவைத்தால் ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ள, மாடல் வேறொரு பக்கம் போகும்.

எதிர்த்திசையில் சுற்ற வைப்பதையும் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டால் மோட்டார் திரும்பிச் சுற்றும், உண்மைதான். ஆனால் அலகின் முன்விளிம்பு இப்போது பின்னால் போய்விட்டதே! சமச்சீர் அலகு என்றால் கழற்றித் திருப்பி மாட்டலாம். ஒரு பக்கம் வளைந்த அலகு என்றால் எதிர்க்கை அலகுதான் வாங்க வேண்டும். அலகுகளைப் பிடித்திருக்கும் ரோட்டர் தலையும் கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி மாற வேண்டும். இல்லையென்றால் கொடுத்த கட்டளைக்கு ரோட்டர் சரியாக இணங்காது.

நான் பட்டது வேறு. பக்கத்துக்கு ஒரு மோட்டார், ஒரு வேகக் கட்டுப்படுத்தி என்று போட்டிருந்தேன். மேசையில் கட்டிவைத்து ஓட்டியபோது இடது மோட்டார் இம்மி பிந்தியது. அவ்வளவுதான், இடப்பக்கச் சக்கரம் பலகையில் அழுந்த, வலப்பக்கம் கட்டிய கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்தது. கயிறு இல்லாதிருந்தால் அன்றைக்கே விறகு. அசலில் இந்தத் தொல்லை இல்லை: ஒரே எஞ்சின், அதிலிருந்து இரு பக்கத்துக்கும் தண்டுகள். மாடலிலும் ஒரே மோட்டாரும் இணைப்புத் தண்டும் வைப்பதே என் கட்சி. பல்சக்கர வேலை கூடும், தூக்கம் கெடாது.

எடைக் கணக்கில் சறுக்குபவர்களும் உண்டு. அசல் பறந்த எடை சுமார் 950 கிலோ. ஆறில் ஒரு பங்கு மாடல் என்றால் ஆறால் அல்ல, 216-ஆல் வகுக்க வேண்டும், 4.4 கிலோ வரும். ரோட்டர் விட்டம் 1.17 மீட்டர். பேட்டரி, இரண்டு தலை, அவற்றை அசைக்கும் சிறு மோட்டார்களான ஆறு சர்வோ எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எடையைக் குறைக்கப் பக்கச் சட்டத்தை மெலிதாக்கினால், சட்டம் நெளிந்து தண்டின் பல்சக்கரம் நழுவும். வெட்டுவதானால் வேறெங்காவது வெட்டுங்கள்.

மாடலோடு வைக்கும் அட்டையில் ‘உலகின் முதல் ஹெலிகாப்டர்’ என்று எழுதிவிடாதீர்கள். பிரான்சில் பால் கோர்னு 1907-லேயே ஒன்றைத் தரையிலிருந்து எழுப்பினார். பிரெகே-தோரான் என்ற பிரெஞ்சு ஹெலிகாப்டர் 1935-இல் பறந்தது. முழுக் கட்டுப்பாட்டுக்கு அடங்கி, நடைமுறைக்கு உதவிய முதல் ஹெலிகாப்டர் என்றால் சரி. ஆட்டோஜைரோ என்று எழுதுவதும் பிழை. ஃபோக்கெ-வுல்ஃப் நிறுவனம் ஸ்பானியப் பொறியாளர் சியெர்வாவின் ஆட்டோஜைரோக்களை உரிமம் பெற்றுக் கட்டியதுண்டு, குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆட்டோஜைரோவில் ரோட்டர் காற்றில் தானாகச் சுற்றும். இதிலோ எஞ்சின் சுற்றுகிறது. 1938 பிப்ரவரியில் ஜெர்மன் பெண் விமானி ஹன்னா ராய்ட்ஷ் பெர்லினின் டாய்ச்லாந்துஹாலே அரங்குக்குள், கூரைக்குக் கீழே, கூட்டத்துக்கு முன்னால் இதைப் பறக்கவிட்டுக் காட்டினார். ஆட்டோஜைரோவால் அப்படி அந்தரத்தில் நிற்க முடியாது.

கட்டப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்றின் பதிவெழுத்து டி-ஈபிவியு, மற்றது டி-ஈகேஆர்ஏ. இரண்டும் இன்று இல்லை. ஜெர்மனியின் ப்யூக்கெபுர்க் ஹெலிகாப்டர் அருங்காட்சியகத்தில் இருப்பது பின்னால் செய்த நகல். எதைச் செய்யப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்து, அந்த ஒன்றின் பழைய படங்களை மட்டும் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்றின் எழுத்தை மற்றதன் உடலில் எழுதிய மாடல்களைப் பார்த்திருக்கிறேன்.