வேலை அனுபவமே இல்லாம சர்வர் சர்டிபிகேட்டுக்கு படிக்கிறது எப்படி: ரங்கூன்ல இருந்து ஒரு செய்முறை

பருப்புக் கிடங்குல கணக்கு எழுதிட்டு இருந்தவ நான். சர்வர் (மத்த கம்ப்யூட்டருங்களுக்கு சேவை செய்யற கம்ப்யூட்டர்) ரூம்னு ஒண்ண உள்ள போய் பாத்ததே கிடையாது, அப்படியும் காம்ப்டியாங்கிற அமைப்பு நடத்துற சர்வர் பிளஸ் சர்டிபிகேட் பரீட்சைய பாஸ் பண்ணேன். தன்லியின், பகோ பக்கத்துல இருந்தெல்லாம் தம்பி தங்கச்சிங்க "அக்கா, எல்லாரும் எக்ஸ்பீரியன்ஸ் கேக்குறாங்க, அத நாங்க எங்க போய் வாங்குறது"ன்னு திரும்பத் திரும்ப கேக்குறீங்க, அதான் நான் படிச்ச வரிசையிலயே எழுதிடுறேன்.

முதல்ல ஒரு பயத்த எடுத்துடுறேன். இந்த பரீட்சைக்கு ரெண்டு வருஷ அனுபவம் இருந்தா நல்லதுன்னு போட்டிருக்கும், அது சிபாரிசு மட்டும்தான், யாரும் சான்று கேக்க மாட்டாங்க. அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிஷம், 100ல இருந்து 900 வரைக்கும் போற மார்க்குல 750 எடுத்தா பாஸ். நான் சொல்றது 2021ல வந்த எஸ்கே0-005 பரீட்சைய வச்சு, நீங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி அவங்க சைட்ல எந்த கோட் நடப்புல இருக்குன்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.

படி 1: பாடத்திட்டத்த பிரிண்ட் எடுங்க

எக்ஸாம் அப்ஜெக்டிவ்ஸ்னு ஒரு பிடிஎஃப் இலவசமா கிடைக்கும். புத்தகம் வாங்குறதுக்கு முன்னாடி அதத்தான் எடுக்கணும். நாலு பகுதி: ஹார்ட்வேர் 18 சதவீதம், சர்வர் நிர்வாகம் 30, செக்யூரிட்டியும் டிசாஸ்டர் ரெகவரியும் 24, டிரபுள்ஷூட்டிங் 28. ஹார்ட்வேர பாத்துதான் எல்லாரும் மலைச்சுப் போறாங்க, ஆனா கணக்குப் பாருங்க, அதுதான் இருக்கறதுலயே சின்னது. ஒவ்வொரு வரி பக்கத்துலயும் "செஞ்சிருக்கேன்", "கேள்விப்பட்டேன்", "தெரியாது" இந்த மூணுல ஒண்ண பென்சில்ல எழுதுங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அழிச்சு மாத்தி எழுதுங்க. எனக்கு முதல் நாள் முக்காவாசி "தெரியாது"தான்.

படி 2: வீட்டுலயே சர்வர்

8 ஜிபி ராம் இருக்கற பழைய லேப்டாப் போதும். விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கம்ப்யூட்டருக்குள்ளயே வேற கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு, அதுக்குள்ள லினக்ஸ் வகையில உபுண்டு சர்வர் ஒண்ணு, விண்டோஸ் சர்வர் ஒண்ணு. விண்டோஸ் சர்வருக்கு 180 நாள் டிரையல் மைக்ரோசாஃப்ட்டே இலவசமா தருது, அதனால படிக்க உக்காரப் போற வாரத்துல இன்ஸ்டால் பண்ணுங்க, இல்லன்னா நாள் வீணா ஓடிடும். விர்ச்சுவல் மெஷின் ஸ்டார்ட்டே ஆகலன்னா பயாஸ் (லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கற அடிப்படை செட்டிங்) உள்ள போய் இன்டெல்னா விடி-எக்ஸ், ஏஎம்டின்னா எஸ்விஎம் ஆன்ல இருக்கான்னு பாருங்க, நிறைய லேப்டாப்புல ஆஃப்லதான் இருக்கும்.

நம்ம ஊர்ல டவுன்லோட் பாதியில கரண்ட் போகும், நெட் போகும், ஒட்டுப்போட்டு இறங்குன ஃபைல் கெட்டுப்போயிருக்கலாம். இறங்குனதும் எஸ்எச்ஏ 256 செக்சம் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நீள எண்) எடுத்து சைட்ல குடுத்திருக்கறதோட ஒப்பிட்டுப் பாருங்க. நான் அத செய்யாம ஒரு ஞாயித்துக்கிழம பூரா இன்ஸ்டால் ஏன் பாதியில நிக்குதுன்னு தெரியாம முட்டி மோதிட்டு இருந்தேன். இன்ஸ்டால் முடிஞ்ச உடனே ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலைமைய அப்படியே சேமிச்சு வைக்கிறது) எடுத்து வைங்க, அப்புறம் பயமில்லாம எத வேணா உடைக்கலாம்.

படி 3: டிஸ்க்க நீங்களே சாகடிங்க

இந்த படியிலதான் அதிக நாள் உக்காரணும். ரெய்டு, அதாவது பல டிஸ்க்க ஒண்ணா சேத்து ஓட்டுற முறை, பத்தி புத்தகத்துல பத்து தடவ படிச்சாலும் மறந்துடும், ஒரு தடவ கையால செஞ்சா மறக்காது. உபுண்டு மெஷின்ல 2 ஜிபி டிஸ்க் மூணு புதுசா சேருங்க, எம்டிஏடிஎம்ங்கிற லினக்ஸ் கமாண்ட வச்சு ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தாங்குற வகை) கட்டுங்க. மூணு ரெண்டு ஆறு ஜிபி வரணும், ஆனா 4தான் காட்டும், ஏன்னா ஒரு டிஸ்க் அளவுக்கு இடம் பாரிட்டிக்கு, அதாவது செத்த டிஸ்க்குல இருந்தத கணக்குப் போட்டு மீட்கிற தகவலுக்கு, போயிடுது. அதுல நாலஞ்சு போட்டோ போட்டு வைங்க. கமாண்டோட முழு வடிவத்த நான் இங்க எழுதல, மேன் பேஜ்ல (லினக்ஸ் உள்ளயே இருக்கற கையேடு) தேடி எடுங்க, அந்த தேடுற பழக்கம்தான் வேலையில சோறு போடும்.

இப்ப ரெய்டு நிலவரத்த காட்டுற எம்டிஸ்டாட் ஃபைல திறந்து பாருங்க. நல்லா இருக்கற நேரத்துல யூங்கிற எழுத்து மூணு வரிசையா இருக்கும். நடு டிஸ்க்க ஃபெயில்னு குறிச்சுட்டு மறுபடி பாத்தா நடுவுல இருந்த யூ போயி அங்க ஒரு கோடு நிக்கும், ஆனா போட்டோ அப்படியே திறக்கும். பாத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, உண்மையாவே. அப்புறம் செத்த டிஸ்க்க எடுத்துட்டு புதுசு ஒண்ணு சேருங்க, ரீபில்டு (புது டிஸ்க்குல டேட்டாவ திரும்ப எழுதுறது) எத்தன சதவீதம்னு ஓடுறத உக்காந்து பாருங்க. அந்த நேரத்துல இன்னொரு டிஸ்க் போச்சுன்னா எல்லாம் போச்சு, அதுக்குத்தான் ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்குற ரெய்டு 6 இருக்கு, அதுக்கு குறைஞ்சது நாலு டிஸ்க் வேணும். அதையும் கட்டிப் பாருங்க.

முடிச்சதும் போட்டோ இருக்கற ஃபோல்டர டிலீட் பண்ணுங்க. ரெய்டு காப்பாத்துதான்னு பாருங்க. காப்பாத்தாது, டிலீட்டும் எல்லா டிஸ்க்குலயும் ஒழுங்கா எழுதப்பட்டுடும். பேக்கப் எதுக்குன்னு அந்த நிமிஷத்துல புரியும்.

படி 4: பேக்கப் கணக்கு

பரீட்சையில கண்டிப்பா இத கேப்பாங்கன்னு வச்சுக்கிட்டே படிங்க. ஞாயித்துக்கிழம ஃபுல் பேக்கப், திங்கள்ல இருந்து தினம் இன்கிரிமென்டல், வியாழன் காலையில சர்வர் போச்சு. திருப்பி எடுக்க ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நாலும் அதே வரிசையில வேணும். அதுவே டிஃபரென்ஷியல்னா ஞாயிறும் புதனும் போதும், ஆனா நாள் போகப் போக பேக்கப் ஃபைல் பெருசாயிட்டே போகும். எங்க கிடங்கு பேரேட்டோட சேத்து யோசிச்சேன், டக்குனு பிடிபட்டுச்சு: இன்கிரிமென்டல்னா அன்னன்னைக்கு சிட்டை, டிஃபரென்ஷியல்னா ஞாயித்துக்கிழமையில இருந்து இன்னைக்கு வரைக்கும் சேத்து எழுதுன சிட்டை.

3-2-1னு ஒரு விதி இருக்கு, மூணு பிரதி, ரெண்டு வித மீடியா, ஒண்ணு வேற ஊர்ல. 2025 மார்ச் 28ல மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவுல பூமி ஆடுனப்ப கட்டடமே விழுந்துச்சு, அதே கட்டடத்துல மூணு பிரதி இருந்து என்ன புண்ணியம். அந்த "வேற ஊர்" ஏன்னு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல.

படி 5: கரண்ட்

இதுல நாம மத்த ஊர்க்காரங்கள விட முன்னாடி இருக்கோம். முறை வச்சு கரண்ட் போற ஊர்ல வளந்த புள்ளைங்களுக்கு யூபிஎஸ், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் எல்லாம் வீட்டுச் சாமான். விட்டுப்போறது ரெண்டு விஷயம்தான். ஒண்ணு, யூபிஎஸ் மேல போட்டிருக்கற விஏவும் நிஜமா கிடைக்கிற வாட்டும் ஒண்ணில்ல, பவர் ஃபேக்டர் 0.6ன்னா 1000 விஏ யூபிஎஸ் 600 வாட்தான் தாங்கும். ரெண்டாவது, சர்வர்ல ரெண்டு பவர் சப்ளை இருந்தா ரெண்டையும் ஒரே யூபிஎஸ்ல சொருகக்கூடாது, அந்த யூபிஎஸ் போனா ரெண்டும் சேந்து போகும்.

படி 6: ஹார்ட்வேர்

செகண்ட் ஹேண்ட் கடையில ஓடாத டெஸ்க்டாப் ஒண்ணு மலிவா வாங்கி கழட்டி மாட்டுங்க, உடம்புல இருக்கற நிலைமின்சாரம் சாமான கெடுக்காம இருக்க கையில ஆன்டி-ஸ்டாடிக் பட்டை கட்டிட்டு. ராம், பவர் சப்ளை, டிஸ்க் கேபிள் எல்லாம் கைக்கு பழகிடும். சர்வருக்கே உரிய சாமானுக்கு டெல், எச்பிஇ சர்வீஸ் மேனுவல் பிடிஎஃப் இலவசம், படத்தோட இருக்கும். சர்வர அடுக்குற ராக்குல 1யூன்னா 1.75 இன்ச் உயரம், கனமானத அடியில வைக்கணும். இசிசி ராம் ஒரு பிட் தப்ப தானே திருத்திக்கும். இதுக்கு மேல ஹார்ட்வேர்ல ரொம்ப முங்க வேண்டாம்.

படி 7: நோட்டு

டிரபுள்ஷூட்டிங்குக்கு ஒரு வரிசை இருக்கு, கேள்விகள் அந்த வரிசைய வச்சுத்தான் வரும்: பிரச்சனை என்ன, யார் யாருக்குன்னு கேளு, காரணம் யூகி, யூகத்த சோதி, திட்டம் போடு, செய், முழுசா ஓடுதான்னு பாரு, மூல காரணம் கண்டுபிடி, எழுதி வை. நான் எதிர்பாராம ஒரு நாள் மாட்டுனேன். அப்டேட் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு, பேட்டரி செத்த லேப்டாப், திரும்பி வந்தா மெஷின் எமர்ஜென்சி மோட்ல நிக்குது. ஸ்னாப்ஷாட்டுக்கு திரும்பிப் போறது ரெண்டு நிமிஷ வேலை, நான் வேணும்னே போகல. லாக் படிச்சேன், ஃபைல் சிஸ்டம் செக் ஓட்டுனேன், மூணு மணி நேரம் ஆச்சு, எழுந்துடுச்சு. தேதி போட்டு என்ன பாத்தேன், என்ன செஞ்சேன், எது வேல செய்யலன்னு மூணு பக்கம் எழுதுனேன். இன்டர்வியூல "எந்த சர்வர பாத்துக்கிட்ட"ன்னு கேட்டப்ப அந்த நோட்டத்தான் நீட்டுனேன், அவங்க அரை மணி நேரம் அதுலயே கேள்வி கேட்டாங்க. வாரம் ஒரு தடவ நீங்களா ஒண்ண உடைச்சு சரி பண்ணுங்க: ஐபி தப்பா குடுங்க, டிஎன்எஸ்ஸ மாத்துங்க, டிஸ்க்க ரொப்புங்க, ஃபயர்வால்ல போர்ட்ட மூடுங்க.

படி 8: பதிவும் பரீட்சையும்

நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு வீட்டுல தமிழ் பேரு, கார்டுல பர்மா பேரு. பதிவு பண்ணும்போது பாஸ்போர்ட்டுல எந்த பேரு எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அதையே குடுங்க, பேரு ஒத்துப்போகலன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. வவுச்சர் டாலர்ல இருக்கும், வாங்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு கிட்ட எந்த சென்டர்ல தேதி இருக்குன்னு உறுதி பண்ணிக்கோங்க. விடையோட விக்கிற திருட்டு கேள்வித்தாள் பக்கம் போகாதீங்க, கண்டுபிடிச்சா சர்டிபிகேட்டையே ரத்து பண்ணிடுவாங்க.

முதல் சில கேள்வி இழுத்து வைக்கிற மாதிரி, செஞ்சு காட்டுற மாதிரி வரும், நேரத்த முழுங்கும். அத குறிச்சு வச்சுட்டு மத்தத முடிச்சுட்டு திரும்பி வாங்க. மார்க் முடிச்ச உடனே தெரிஞ்சுடும். பாஸ்னா இந்த சர்டிபிகேட்டுக்கு காலாவதி கிடையாது. ஃபெயில்னா அழுது முடிச்சுட்டு அந்த மார்க் தாள பத்திரமா வீட்டுக்கு கொண்டு வாங்க, எந்தெந்த தலைப்புல தப்புன்னு அதுல இருக்கும், படி 1ல பென்சில்ல எழுதுன தாள பக்கத்துல வச்சு அந்த வரிகள மட்டும் "தெரியாது"ன்னு மாத்துங்க. ரெண்டாவது தடவைக்கு காத்திருக்க வேண்டியதில்ல, மூணாவதுக்குத்தான் 14 நாள் இடைவெளி.