கிரேப் பேப்பரில் கை வைக்கும் முன்

புரட்டாசியில் கொலு, நவம்பரில் குழந்தைகள் தினம், டிசம்பரில் கிறிஸ்துமஸ், நடுநடுவே பிறந்தநாள்கள். சென்னையில் கிரேப் பேப்பருக்கு, அதாவது இழுத்தால் நீளும் சுருக்கம் வைத்த அலங்காரக் காகிதத்துக்கு, ஓய்வே கிடையாது. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், நான் எப்போதோ தாண்டி வந்த தவறுகளை அதே வரிசையில் செய்துகொண்டிருக்கிறார்கள். கத்தரி மொக்கையாக இருந்தால் ஓரம் பிசிறும், அளக்காமல் வாங்கினால் பாதியில் தீரும் என்பதெல்லாம் ஒரு தடவை பட்டால் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் இருக்கும் இடத்தில் அடர்நிறம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

கிரேப் பேப்பரின் சாயம் பெரும்பாலும் காகிதத்தில் உறுதியாகப் பிடிப்பதில்லை. ஈரம் பட்டதும் இறங்கி ஓடும். அதிலும் சிவப்பு, ஊதா, அடர்பச்சை மூன்றும் மகா மோசம். காகிதக் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவில் காகிதத்தைத் தடவித் தடவிப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட இதைச் சோதிப்பதில்லை. சோதனை ரொம்ப எளிது. ஒரு ஓரத்தைக் கிள்ளி, நனைத்த வெள்ளைத் துணியில் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். துணி என்ன நிறமாகிறதோ, உங்கள் சுவரும் அதே நிறமாகும்.

மந்தைவெளியில் ஒரு வீடு. என்னிடம் படித்த பெண் முதன்முதலாகத் தனியாகக் கொலு அலங்காரம் செய்தாள். வெள்ளை வேட்டி விரித்த படிகள், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் அடர்சிவப்பில் கொசுவிய பார்டர். பார்க்க அவ்வளவு லட்சணம். ஆனால் மேல்படியில் கலசம், அதுவும் தட்டில்லாமல். போதாக்குறைக்கு, பூ வாடக்கூடாதென்று வீட்டு மாமி சாயங்காலம் தண்ணீர் தெளித்திருக்கிறார்.

மறுநாள் காலையில் போன். "அக்கா, படியெல்லாம் செவப்பா இறங்கியிருக்குக்கா. சரஸ்வதி பொம்மையோட பீடம் ரோஸாயிடுச்சு."

"ஈரத்துணியால தொடச்சீங்களா?"

அந்தப் பக்கம் பதிலே இல்லை. துடைத்திருக்கிறார்கள். சொட்டாக இருந்த கறை பட்டையாகப் பரவி, மண்பொம்மையின் வர்ணமும் துணியோடு வந்துவிட்டது. அது அந்த மாமியின் மாமியார் காலத்துப் பொம்மை. அலங்காரக் கூலியைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

கறை விழுந்துவிட்டால் முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஈரத்தைக் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. சுவரென்றால் அதன் மேலேயே பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று நினைப்பார்கள். தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் என்றால் சாயம் அதிலும் ஊறி மேலே வரும். கறையை அடக்கும் பிரைமரை முதலில் பூச வேண்டும். வாடகை வீட்டில் இதையெல்லாம் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. (காலி செய்யும்போது எப்படியும் பெயிண்டிங் செலவென்று அட்வான்ஸில் பிடிப்பார்கள் என்பது வேறு விஷயம்.)

ஆகவே கலசம், பூத்தட்டு, ஏசி சொட்டும் மூலை, வாட்டர் கேன் வைக்கும் மேசை, இவற்றுக்குப் பக்கத்தில் அடர்நிறக் கிரேப் வேண்டவே வேண்டாம். அங்கே சாட்டின் ரிப்பனோ ஜிகினாத் தாளோ போதும். வெள்ளை வேட்டியின் மேல் வைத்தே ஆக வேண்டுமென்றால் அடியில் ஒரு பட்டை பாலிதீன் ஷீட் ஓடட்டும். சுவரில் நேராக ஒட்டாமல், நூல் கட்டி அதில் தொங்கவிடுங்கள். உங்கள் கையும் ஈரம்தான், மறக்காதீர்கள். மே மாதத்தில் வியர்த்த விரலால் சிவப்பைத் தொட்டுவிட்டு அப்படியே வெள்ளையைத் தொட்டால், அந்த வெள்ளைப் பூ வீண். மடியில் ஒரு காய்ந்த துண்டு எப்போதும் கிடக்கட்டும்.

வரி பார்க்காமல் வெட்டுவது

மெல்லிய காகிதத்தை உருளையில் ஒட்டவைத்து, தகட்டால் சுரண்டி எடுக்கும்போது விழுகிற சுருக்கம்தான் கிரேப்புக்கு உயிர். அந்தச் சுருக்கத்தின் வரிகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும். காகிதம் வரிக்குக் குறுக்கே இழுபடும், வரியின் போக்கில் இழுபடாது. 50 செ.மீ. அகலம், 2.5 மீட்டர் நீளம் உள்ள மடிப்பில் வரிகள் அகலவாக்கில் இருக்கும், நீளவாக்கில் இழுத்தால் நீளும்.

ரோஜா இதழுக்கு வரி அடியிலிருந்து நுனிக்கு நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்து விரித்தால் இதழ் கிண்ணமாகக் குழியும். மிச்சம் பிடிக்கிறேன் என்று காகிதத்தைத் திருப்பிப் போட்டு வெட்டுகிறவர்கள் உண்டு. அந்த இதழ் குழியாது, நீளவாக்கில் இழுபட்டுத் தொங்கும். வெட்டியதை ஒன்றும் செய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பூவுக்குத் தடித்த கிரேப் வாங்குங்கள். இத்தாலியில் செய்யும் 180 கிராம் வகை விலை கூடுதல், ஆனால் இதழ் வைத்த வடிவில் நிற்கும். பள்ளிக்கூடப் பக்கத்துக் கடையில் கிடைக்கும் மெல்லிசு, தோரணத்துக்கும் ஜாலருக்கும் சரி.

முந்தின நாளே தோரணம் கட்டுவது

ராத்திரி விறைப்பாக இழுத்துக் கட்டுவீர்கள், காலையில் வந்தால் நடு ஹாலில் தலையில் இடிக்கும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் சுருக்கத்தைத் தளர்த்திவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இன்னும் மோசம். விழா நாள் காலையில் கட்டுங்கள். முழுதாக இழுக்காமல், லேசாக முறுக்கி, சுருக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் விடுங்கள். நடுவில் ஒரு பிடிப்பு கட்டாயம்.

பசை

ஃபெவிகாலில் தண்ணீர் கலக்காதீர்கள். பல்குச்சி நுனியில் எடுத்த அளவு போதும். தண்டுக்கும் காம்புக்கும் குளூ கன்.

விளக்கு

பக்கத்தில் கட்டவே கட்டாதீர்கள். சீரியல் பல்பின் மேலும் சுற்றாதீர்கள்.

வெயில்

ஜன்னலோரம் வெளுக்கும்.

மிச்சத்தை எடுத்து வைப்பது

மடிப்பின் மேல் புத்தகமோ பொம்மைப் பெட்டியோ ஏற்றினால் சுருக்கம் நசுங்கிப்போகும். அடுத்த வருஷம் அது வெறும் டிஷ்யூதான். தளர்வாகச் சுருட்டி, நிறம்நிறமாகப் பிரித்துப் பாலிதீன் பையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தரையோரம் வைத்தால், பைக்குள்ளேயே சிவப்பு பக்கத்துக் காகிதத்தில் ஏறியிருக்கும்.