ஹோட்டலில் ஆட்கள் நிற்க என்ன செய்யலாம்?

சம்பளம் கூட்டியும் சப்ளையர் நிற்கவில்லையா? வேலை நேரத்தைப் பாருங்கள். காலை 6 முதல் 11, மாலை 4 முதல் இரவு 11 என்று பிரித்துப் போட்டால், சென்னையில் திருவொற்றியூரிலிருந்து தங்கசாலைக்கு வருபவருக்கு நடுவில் இருக்கும் 5 மணி நேரம் முழு ஓய்வு அல்ல. வீட்டுக்குப் போய்த் திரும்புவதிலேயே ஒரு பகுதி போய்விடும். இடைவெளியில்லாமல் இரண்டு ஷிஃப்டாக மாற்றுங்கள். முடியாவிட்டால் ஃபேனோடு படுக்க ஓர் அறையாவது கொடுங்கள். இரவு கடை மூடிய ஆளை மறுநாள் காலை 6 மணிக்குக் கூப்பிடவே கூடாது.

பரோட்டா மாஸ்டரை விரட்டுவது கல்லின் அனல். எக்ஸாஸ்ட் ஃபேன் கல்லுக்கு நேர் மேலே இழுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் இழுக்காது, வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போட முடியாது. அடுத்த கடைக்காரர் அதைக் கட்டிவிட்டு அழைத்துப் போவார்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், மாதம் ரூ.21,000 வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டாயம்: சம்பளத்தில் முதலாளி பங்கு 3.25%, தொழிலாளி பங்கு 0.75%.