மஞ்சள் கரிசலாங்கண்ணி: தண்டு நட்டுக் கன்றாக்குவது

தண்டு வெட்டப் போகும் முன் இலையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மதிலோரமாகப் படர்ந்து மஞ்சளாகப் பூத்துக் கிடப்பதெல்லாம் நம்முடைய மஞ்சள் கரிசலாங்கண்ணி (பொற்றலைக் கையாந்தகரை) இல்லை. அழகுக்காக வளர்க்கப்படும் வெப்ப அமெரிக்கச் செடியொன்றும் அதே சாயலில் இருக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பிடித்த செடி அது. கன்று விற்கும் இடங்களில் அதையே எடுத்துத் தருவதும் உண்டு.

பூவை வைத்துப் பிரிப்பது கஷ்டம். நம்முடையதன் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், தடவினால் சொரசொரக்கும், ஓரத்தில் அங்கொன்று இங்கொன்றாகப் பல் இருக்கும். மற்றையதன் இலை அகலம், பளபளப்பு, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். பிரியாத இலையும் இடைக்கிடை வரும் என்பதால் ஒரு இலையோடு முடிவு கட்டாமல் ஒரு கொடி முழுவதையும் பாருங்கள். வேண்டாததைப் பிடுங்கினால் குப்பைக்குழியில் எறியாதீர்கள், கணு மண்ணில் பட்டால் போதும், வேர் விட்டுவிடும். சீமெந்து நிலத்தில் போட்டு நன்றாகக் காயவிட்ட பிறகு அப்புறப்படுத்துங்கள்.

சரி, நடுவோம். ஐப்பசியில் மழை தொடங்கியதும் நல்ல காலம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் தண்டு வேர் விட முன்னரே வாடிவிடும்.

பூ விடாத, அதிகம் முற்றாத தண்டில் மூன்று நான்கு கணு வரும்படி, 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், அது தண்டை நசுக்கும். புதுப் பிளேட்தான் என் தெரிவு. மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். வேர் தூண்டும் பவுடருக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

பலருக்கும் பிழைப்பது இனித்தான். குரோட்டன் தடி ஊன்றுகிற பழக்கத்தில் இதையும் நேராகக் குத்திவிடுகிறார்கள். இது நிலத்தோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும் செடி. கீழ் இரண்டு கணுவில் உள்ள இலையை எடுத்துவிட்டு, தண்டைச் சாய்த்துக் கிடத்தி, அந்த இரண்டு கணுவும் விரல் நக அளவு மண்ணுக்குள் போகும்படி மூடுங்கள். நுனி மட்டும் வெளியே நிற்கட்டும். ஆழம் கூடினால் அழுகும். மேலே ஒரு சின்னக் கல்லை வைத்தால் காற்றில் அசையாது.

செம்மண் தனியாக என்றால் காய்ந்ததும் இறுகிவிடும். பாதிக்குப் பாதி மணல் கலந்து, மக்கிய மாட்டெரு ஒரு பிடி போடுங்கள். கடற்கரை மணல் என்றால் நன்றாகக் கழுவி உப்பைப் போக்க வேண்டும். மேலே கிடுகால் நிழல். மண் ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டு மூன்று கிழமையில் புதுத் தளிர் தெரியும், மெல்ல இழுத்தால் பிடித்து நிற்கும். பிறகு கிடுகை எடுத்துவிடலாம்.

தெரிந்தவர் வளவில் செடி நிற்கிறது என்றால் இவ்வளவு பாடும் வேண்டாம். வேர் விட்ட கணுவாகப் பார்த்து, இரு பக்கமும் வெட்டி, மண்ணோடு கிளப்பி வந்து நடுங்கள்.

பிற்சேர்க்கை: கிணற்று நீர் உவர் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இலை ஓரம் பழுப்பாகக் கருகி, மண்ணில் வெள்ளை படிந்தால் உப்புத்தான் காரணம். வேர் பிடிக்கும் வரைக்கும் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். நடுவது சாடியில் என்றால் அடியில் துளை கட்டாயம் இருக்க வேண்டும், மழை பெய்யும்போது உப்புக் கழுவிப் போக அதுதான் வழி.