உடற்பயிற்சிச் செயலியை இறக்கியாச்சு, அடுத்து என்ன?

நடக்கவும் ஓடவும் உசுப்பிவிடும் செயலிகளுக்குப் பஞ்சமில்லை. அவை சொல்லும் இலக்கை அப்படியே ஏற்பதில்தான் பலருக்கும் சீக்கிரமே சலித்துப்போகிறது. இதய நோயோ மூட்டு வலியோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு வாரம் வேடிக்கை பாருங்கள்
இலக்கு எதுவும் வைக்காமல் வழக்கம்போல நடமாடுங்கள். வாரக் கடைசியில் சராசரியைப் பாருங்கள். 3,200 காலடி என்று வந்தால் அதுதான் உங்கள் தொடக்கம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 2: இலக்கை மாற்றுங்கள்
பல செயலிகள் தாமாகவே 10,000 என்று வைத்துவிடும். அது மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்ன எண் அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவி ஒன்றின் மூலம் பரவியது. செயலியின் அமைப்புகளுக்குள் (Settings) போய், உங்கள் சராசரியோடு 1,000 கூட்டிப் போடுங்கள்; 3,200 என்றால் 4,200. அது சுலபமானதும் இன்னும் 500 கூட்டுங்கள்.

காலடியைவிட நிமிடக் கணக்கு மேல் என்பது என் கட்சி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதம்.

படி 3: ஒரே ஒரு நினைவூட்டல்
நாள் முழுக்கக் கிணுகிணுக்கும் அறிவிப்பை யாரும் மதிப்பதில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையை ஒட்டி ஒன்று மட்டும் வையுங்கள். வாசகத்தையும் நீங்களே எழுதுங்கள்: “தட்டைக் கழுவியாச்சா? ஷூவை மாட்டு. பத்தே நிமிஷம்.”

படி 4: தொடர் நாள் கணக்கை அணையுங்கள்
ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் கணக்கு பூஜ்யமாகிவிடும், அதோடு மனமும் விட்டுப்போகும். வாரத்துக்கு 5 நாள் என்று வைக்க வழியிருந்தால் அதையே எடுங்கள்.

படி 5: துணைக்கு ஆள்
முன்பின் தெரியாதவர்களோடு தரவரிசையில் மோதுவது வீண். உங்கள் வேகத்தில் நடக்கும் ஒரு நண்பர் போதும். அப்புறம், வீட்டு வாசலில் தொடங்கும் உங்கள் நடைப்பாதையின் வரைபடம் எல்லோர் கண்ணிலும் படாதபடி தனியுரிமை அமைப்பில் மறைத்துவிடுங்கள்.

ஓட ஆசையா? புதிதாகத் தொடங்குபவரை 5 கி.மீ. ஓட வைக்கும் ‘கவுச் டு 5கே’ திட்டம் 9 வாரம், வாரம் 3 நாள். முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி வரும். முடியாத வாரத்தைத் திரும்பச் செய்தால் போயிற்று.

தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும். காலடி எண்ணும் செயலிக்கு அது கண்ணில் படாது. நீங்கள்தான் கையால் பதிவு செய்ய வேண்டும்.